மூன்றாவது கோடு

கிதீனியா துறைமுகத்தின் பாரந்தூக்கிகளில்
தலையை மட்டும் பனிமூட்டம் தின்றிருந்த
செவ்வாய் இரவு.
போகுமிவா சமையலறை மேசையில்
மூன்று தாள்களைப் பரப்பிவிட்டு
மீன்கடைத் தராசைப் பார்ப்பவள்போல்
பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஒன்று, எல்லா வேலை விளம்பரத்திலும்
எட்டிப் பார்க்கும் பெயர்.
ஆயிரக்கணக்கில் அனுபவ மணிநேரம் கேட்கிறது,
அதற்குக் கணக்கும் கேட்கிறது.

இன்னொன்றுக்குத் தேர்வு மட்டும் போதும்.
ஒரு வாரக்கடைசியில் படித்து
திங்கள் காலை தொப்பிபோல் மாட்டிக்கொள்ளலாம்.
'அதுதான் எல்லாரிடமும் இருக்கிறதே'
என்றான் மார்ச்சின்,
அவனிடமும் இருக்கிறது.

அஜைல் என்று தொடங்கும் அடுத்ததை
ஆண்டுதோறும் காசு கட்டிப் புதுப்பிக்க வேண்டும்.
பல் மருத்துவரிடமாவது
வாயைத் திறக்க விடுவார்கள்.

கட்டணத்தை ஸ்வோத்தியில் பெருக்கிப் பார்த்தாள்.
யாகோடாவின் குளிர்காலக் காலணி,
அதோடு முனகும் துணி துவைக்கும் இயந்திரத்தின்
புது மோட்டார்.

பதினோரு வருடம் சுங்கப் பத்திரப் பிரிவில்.
விண்ணப்பத்தின் நான்காம் பக்கம் கேட்கிறது:
தேவைகளைக் கேட்டறிய
எத்தனை மணிநேரம் செலவிட்டீர்கள்?

அவளுக்கு வித்தோல்ட் ஞாபகம் வந்தது.
பளுதூக்கி வண்டி ஓட்டுபவன்.
கொள்கலன் எண்ணைத் திரையில் ஒருமுறை,
சிகரெட் பெட்டியின் முதுகில் ஒருமுறை
எழுதுவான்.
பழைய ஆள், மாற மாட்டான் என்று
கூட்டத்தில் சிரித்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது.
ஆனால் மறுநாள்
மழையில் அவனருகே போய் நின்று
ஏன் என்று கேட்டாள்.

நாலு நிமிடத்தில் திரை அணைந்துவிடும்.
எழுப்ப விரல் வேண்டும்.
விரல் கையுறைக்குள்.
கையுறையைக் கழற்றினால்
பிப்ரவரி விரலைக் கழற்றும்.
அவ்வளவுதான்.

நிரலில் ஒரே ஒரு எண்ணை மாற்றினார்கள்.
வாசலில் லாரி வரிசை
ரவுண்டானா வரை வளைந்து கிடந்தது
அந்த வாரமே சுருங்கியது.

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
புத்தகத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு.
அவள் இத்தனை நாளும்
வித்தோல்டோடு நின்றது என்றே
சொல்லி வந்தாள்.

தாளைத் திருப்பி
பாடத்தில் படித்த வாக்கியத்தை வரைந்தாள்:
ஒரு ________ ஆகிய எனக்கு
________ வேண்டும்,
அதனால் ________.

முதல் கோட்டில் சுங்க எழுத்தர்.
இரண்டாவதில் ஒரு சான்றிதழ், எது என்று பிறகு.
மூன்றாவதில் சம்பளம் என்று எழுதி அடித்தாள்.
பொய்யில்லை, போதவில்லை.
மரியாதை. அதையும் அடித்தாள்,
யாருடையதோ கோட்டு மாதிரி இருந்தது.

ஈரத் தலையோடு வந்த யாகோடா
தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள்.
'கடைசிக் கோடு காலியா இருக்கே.'
'தெரியும்.'
'அதுக்குத்தானே மார்க்கு?'
'போய்த் தலையைத் துவட்டு.'

கதவு சாத்தியதும் எழுதினாள்:
என் வாக்கியத்தை மார்ச்சின்
மேசைக்கு அந்தப் பக்கமிருந்து
திரும்பச் சொல்லும்போது
அது என்னுடையது என்று
நான்காவது ஆளுக்கும் தெரியும்.

இதை அடிக்கவில்லை.
மூன்று தாள்களிலும் தேடினாள்.
தேர்ச்சி விகிதம் இருந்தது, பாடத்திட்டம் இருந்தது,
பணம் திருப்பித்தரும் விதி இருந்தது.
இது இல்லை.

கடைசி டிராலிபஸ்
கம்பியில் ஒரு பொறி தெறித்துப் போனது.
இயந்திரம் சுழற்சிக்கு வந்து
தரையோடு மேசையும் நடுங்க
எழுந்து போய்
காலால் முட்டுக்கொடுத்து நின்றபடியே
முதல் தாளை எடுத்தாள்,
கணக்குக் கேட்கிறதே, அதை.

வரிசை எண் ஒன்று.
வித்தோல்ட். மழை.
அரைமணி என்று போடலாமா?
சிகரெட் பற்றவைத்த நேரத்தைக் கழித்துவிட்டு
இருபது நிமிடம் என்று எழுதினாள்.